தாத்தா சயாமுக்குப் போனார், பயம் மூன்றாம் தலைமுறையில் நிற்கிறது

வணக்கம். நாங்கள் மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். 1943இல் ஜப்பான்காரர்கள் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்கு, அதாவது போர்க்காலத்தில் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் பாதை போட்ட வேலைக்கு, பிடித்துப் போனார்கள், திரும்பவே இல்லை. அப்பா அப்போது பாட்டி வயிற்றில். கருமாதிகூடச் செய்யவில்லை, பாட்டி கடைசிவரை பொட்டு வைத்திருந்தார், அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னமும் யாராவது வீடு திரும்பத் தாமதமானால் வாசலிலேயே நிற்பார், ரயில் ஏற மாட்டார். சரி, அவர் சுபாவம் என்று விட்டிருந்தோம். ஆனால் போன வருடம் தம்பி மகள் வெளியூரில் படிக்கப் போனதிலிருந்து அவனுக்கும் நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், ராத்திரியில் தூக்கமே இல்லை. அவனுக்குத் தாத்தா கதையே முழுசாகத் தெரியாது!

இதயப் பரிசோதனையில் எல்லாம் சரி. மாத்திரையில் தூக்கம் மட்டும் வந்தது. ஆலோசகர் ஒருவர் மூச்சுப் பயிற்சி கொடுத்தார், குடும்பத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அத்தையிடம் கேட்டால் அழுகிறார். அந்த ரயில் பாதை போகும் தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்கும் போனோம், அங்குள்ள போர்க் கல்லறையில் வெள்ளைக்காரக் கைதிகளின் பெயர்கள்தான், தோட்டத்து ஆட்கள் பெயர் இல்லை.

ஈப்போ பக்கம், தமிழில் பேசி, இப்படிப்பட்ட பழைய குடும்ப இழப்போடு சேர்த்துப் பார்க்கிற மனநல ஆலோசகர் யாரையாவது தெரியுமா?