அம்மம்மா 31ஆம் நாள் (குடும்பக் குழு)

பெரிய மாமா: வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு நினைவுரை எழுதி முடித்துவிட்டேன். புல்ஸ்காப்பில் ஒன்பது பக்கம். படம் எடுத்துப் போடுகிறேன். பத்து நிமிடத்தில் முடியும்.

சித்தி: ஒன்பதா

தம்பி: மாமா, முகத்துவாரத்தில் கிரியை முடித்து வெள்ளவத்தைக்கு வரவே 11 மணி ஆகிவிடும். 1 மணிக்கு மண்டபத்தை விட வேண்டும்.

பெரிய மாமா: பத்து நிமிடம்தான்.

சித்தி: என் கல்யாணத்திலும் பத்து நிமிடம் என்றுதான் சொன்னீர்கள் அண்ணா. சோறு ஆறிப்போனது.

பெரிய மாமா: அன்று மைக் பழுது.

சித்தி: அதனால்தான் அத்தோடு தப்பினோம்

ரொரன்ரோ அத்தான்: பக்கத்தை எண்ணி நேரம் சொல்ல முடியாது, கையெழுத்துக்குக் கையெழுத்து மாறும். ஆங்கிலப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று ஒரு கணக்கு உண்டு. அதைத் தமிழுக்குப் போட்டால் பிழைக்கும். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு ஐந்தாறு. மனதுக்குள் வாசித்துப் பார்ப்பதும் சரிவராது, கண் வாயை விட வேகம். எழுந்து நின்று, சபையில் பேசுகிற மாதிரிச் சத்தமாக ஒரு பக்கம் வாசித்து மணி பார்க்க வேண்டும். 1841இல் அமெரிக்க ஜனாதிபதி ஹாரிசன் பதவியேற்று 8,445 சொல் பேசினார். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரே மாதத்தில் ஆள் இறந்துபோனார்.

சித்தி: 31ஆம் நாளுக்குச் சொல்கிற கதையா இது

அக்கா: இவரைப் படுக்கச் சொல்லி ஒரு மணி நேரம் ஆகிறது

தம்பி: வடை 150 போதுமா?

சித்தி: 200 சொல்லு. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குக் கடைசிப் பந்திக்கு வடையே இல்லை.

பெரிய மாமா: அன்று பொறுப்பு யார்?

அக்கா: திரும்பவும் தொடங்காதீர்கள்

நான்: மாமாவின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். 2 நிமிடம் 10 விநாடி.

தம்பி: அப்படியானால் ஒன்பதுக்கும் பத்தொன்பதரை நிமிடம்

சித்தி: அண்ணா அழுகிற நேரம் தனி

பெரிய மாமா: நான் ஏன் அழப்போகிறேன்?

நான்: நாலாம் பக்கத்தில் ‘இங்கே தேவாரம்’ என்று வேறு இருக்கிறது.

பெரிய மாமா: எதை வெட்டச் சொல்கிறீர்கள்? 83 கலவரத்தில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறியதையா?

சித்தி: அது இருக்கட்டும்.

தம்பி: இரண்டும் மூன்றும் மாமாவின் பாடசாலைப் பரிசுகள்தானே

பெரிய மாமா: அம்மாவின் வளர்ப்பைக் காட்டத்தான் எழுதினேன்.

சித்தி: நான் எந்தப் பக்கத்தில் வருகிறேன்?

பெரிய மாமா: எட்டு

தம்பி: எட்டாம் பக்கத்தில் எல்லோரும் பந்தியில் இருப்பார்கள் சித்தி

ரொரன்ரோ அத்தான்: எட்டு நிமிடம் என்று வைத்தால் நாலு பக்கம்கூட வராது.

அக்கா: படுங்கள் முதலில்

பெரிய மாமா: ஐந்துக்கு இறக்கப் பார்க்கிறேன். வாசித்துப் பதிந்து இரவு அனுப்புகிறேன்.

பெரிய மாமா: (குரல் பதிவு, 6:48)

பெரிய மாமா: கப்பல் பக்கம் மட்டும்.

நான்: ஒரு பக்கமா?

சித்தி: கேட்டேன் அண்ணா. நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையே.

பெரிய மாமா: போன் மைக் பழுது.

சித்தி: ம்

தம்பி: வடை 200 சொல்லிவிட்டேன். உரை எத்தனை பக்கம் என்று யாராவது சொல்லுங்கோ, பந்தி நேரம் போட வேண்டும்.