6.2% ஆயுள் ஓய்வூதியமா, 4% வட்டியா? கணக்கு எங்கே இடிக்கிறது? (புனைபெயரில் நால்வர் பேசிக்கொண்டது)

முதல்தேதி:
65 வயதில் கையில் 1,00,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு ஓய்வூதியத் திட்டத்தில் கட்டினால் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு 6,200 வரும், அசல் திரும்பாது. டெபாசிட்டில் போட்டால் 4% வட்டி, அசல் அப்படியே இருக்கும். வெறும் 2.2% கூடுதலுக்காக அசலையே விட்டுக்கொடுப்பதா? தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் ஆனுவிட்டியும் (மொத்தமாகக் கட்டிவிட்டு ஆயுள்வரை தவணையாகத் தொகை பெறுவது) இதுவும் ஒன்றுதானே?

கூட்டுவட்டி:
6.2-ஐயும் 4-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் தப்பு. 6,200 என்பது வட்டி மட்டும் இல்லை, அசலும் கொஞ்சம் கொஞ்சமாக அதில் திரும்பி வருகிறது. ஒப்பிடுவதானால், நீங்களே 4% டெபாசிட்டிலிருந்து ஆண்டு முடிவில் 6,200 எடுத்துப் பாருங்கள். 75 வயதில் மீதி சுமார் 73,600. 85-ல் சுமார் 34,500. 91 தாண்டியதும் கணக்கு காலி. அதற்கு முன் இறந்தால் மீதி வாரிசுக்கு. 91-க்கு மேல் இருந்தால் கையில் ஒன்றும் இல்லை. இங்கே நீங்கள் விலை கொடுத்து வாங்குவது அந்த 91-க்கு அப்புறமான ஆண்டுகளை.

இது பணவீக்கம் இல்லாத கணக்கு. விலைவாசி ஆண்டுக்கு 4% ஏறி, எடுக்கும் தொகையையும் அதற்கேற்ப ஏற்றினால் வட்டி முழுக்க அதிலேயே போய்விடும். 1,00,000-ஐ 6,200-ஆல் வகுங்கள்: 16 ஆண்டு. 81-லேயே தீர்ந்துவிடும்.

ஆயுள்அட்டவணை:
மேலே சொன்னது சரி. ஆனால் திட்டத்தால் மட்டும் எப்படி 91-க்கு மேலும் கொடுக்க முடிகிறது? 100 பேர் தலா 1,000 போடுகிறார்கள். 4% வட்டியோடு ஆண்டு முடிவில் 1,04,000. அதற்குள் 5 பேர் இறந்தால் மிச்சம் 95 பேருக்கு ஆளுக்கு 1,095 வரும். 4% முதலீடு 9.5% ஆகிவிட்டது. 1 பேர் மட்டும் இறந்தால் 1,050தான். அதனால் அறுபதுகளில் இந்த ஆதாயம் சொற்பம், எண்பதுகளில்தான் பெரிதாகிறது.

1965-லேயே பொருளாதார அறிஞர் மெனாஹெம் யாரி காட்டினார்: விலை நியாயமாக இருந்து, வாரிசுக்கு விட்டுப்போகும் எண்ணமும் இல்லையென்றால் முழுத்தொகையையும் ஆனுவிட்டியில் போடுவதே மேல். ஆனாலும் தானாக வாங்குபவர்கள் குறைவு. ஒரு காரணம் விலை. நீண்ட நாள் இருப்போம் என்று நம்புபவர்களே அதிகம் வாங்குவதால் தனியார் நிறுவனம் அதற்கேற்ப விலையை ஏற்றுகிறது. 1990-களின் அமெரிக்கச் சந்தையை ஆராய்ந்த ஓர் ஆய்வில், சராசரி ஆயுள் உள்ளவர் கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் 80 முதல் 85 சென்ட் மதிப்புதான் திரும்பியது. கட்டாயப் பொதுத் திட்டத்தில் எல்லோரும் உள்ளே இருப்பதால் இந்தப் பொறுக்கல் நடக்காது. ஆக, இரண்டும் ஒன்றில்லை.

எதிர்வாதி:
பொதுத் திட்டம் என்றாலே லாபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் ஒரே விகிதம் (சேர்ந்த தொகையில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஓய்வூதியம்) என்றால், உடலுழைப்பால் சீக்கிரம் இறக்கும் ஏழையின் பணம் நீண்ட ஆயுள் உள்ள வசதியானவருக்குப் போகிறது. கீழ்மட்டத்துக்குக் கூடுதல் விகிதம் வைத்தால்தான் இது ஓரளவு சரியாகும்.

விகிதத்தை அரசியல் தீர்மானிப்பதும் ஒரு சிக்கல். சுவிட்சர்லாந்தில் தொழில்வழி ஓய்வூதியத்தின் (வேலை செய்யும் இடம் வழியாகச் சேர்வது) கட்டாயப் பகுதிக்கு 6.8%. 1,00,000 சேர்ந்திருந்தால் ஆண்டுக்கு 6,800. வட்டி சரிந்து ஆயுள் நீண்டபிறகு இதைத் தாங்குவது கடினம், பற்றாக்குறை வேலையில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. 6.0 ஆக்கும் திட்டத்தை 2024 செப்டம்பரில் வாக்காளர்கள் நிராகரித்துவிட்டார்கள்!

முதல்தேதி:
புரிந்தது. ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட்டால் கூட வரும் என்கிறார்களே, அது லாபமா?

கூட்டுவட்டி:
அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்கு 67-ல் முழுத்தொகை, 62-ல் எடுத்தால் 30% குறைவு, 70 வரை பொறுத்தால் 24% கூடுதல். 67-ல் மாதம் 100 என்றால் மூன்றாண்டில் விடுவது 3,600. பிறகு கூடுவது மாதம் 24. 3,600-ஐ 24-ஆல் வகுத்தால் 150 மாதம். 82½ வயதில்தான் விட்டது திரும்பும், வட்டியைச் சேர்த்தால் இன்னும் தள்ளும். கடும் நோய் உள்ளவருக்கு இது நஷ்டம். ஆரோக்கியமாக இருந்து, அந்த மூன்றாண்டை ஓட்டக் கையில் வேறு பணமும் இருந்தால், பணவீக்கத்தோடு ஏறும் ஆனுவிட்டியை இதைவிட மலிவாக வெளியே வாங்குவது கடினம்.

ஆயுள்அட்டவணை:
கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். தொகை விலைவாசியோடு ஏறுமா, நிலையா? நிலையென்றால் 4% பணவீக்கத்தில் இன்றைய 6,200 இருபது ஆண்டில் 2,830-க்குத்தான் பொருள் வாங்கும். உங்களுக்குப் பிறகு வாழ்க்கைத்துணைக்கு எத்தனை சதவீதம் தொடரும், அதற்காக இப்போதைய தொகையில் எவ்வளவு வெட்டு? பலர் கோட்டைவிடுவது இதில்தான்: தொகை பெரிதாகத் தெரிகிறதே என்று ஒருவர் ஆயுளுக்கு மட்டும் எடுத்துவிடுகிறார்கள், அவர் போனதும் துணைக்கு வரவு நின்றுவிடும். கடைசியாக, விருப்பத்தை மாற்ற எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். முதல் தவணை வந்தபிறகு பெரும்பாலும் மாற்ற விடமாட்டார்கள்.