ஆளே இல்லாத கலைஞருக்கு ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். இசை வரலாற்று வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். 1961இல் பிபிசி வானொலி, பியோட்டர் ஸாக் என்பவர் இயற்றியதாக ஓர் இசையை ஒலிபரப்பியது. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. பிபிசி இசைப்பிரிவின் ஹான்ஸ் கெல்லரும் பியானோ கலைஞர் சூசன் பிராட்ஷாவும் ஸ்டுடியோவில் தாளக்கருவிகளை மனம்போனபடி தட்டியதுதான் அது. நாளிதழ்களில் விமர்சனம்கூட வந்தது. ஸாக் மாதிரி ஆளை எப்படிச் சொல்ல? ‘போலிக் கலைஞர்’ மனசுக்கு ஒட்டவில்லை.

அம்பாசமுத்திரம்:
ஒட்டாது தங்கச்சி. இலக்கணத்தில் ஒன்றன் இடத்தில் இன்னொன்று வந்து நின்றால்தான் போலி. நிலம் ‘நிலன்’ ஆகும், பந்தல் ‘பந்தர்’ ஆகும். ஸாக் யார் இடத்தில் நின்றார்? ஜாய்ஸ் ஹாட்டோவுக்கு வேண்டுமானால் பொருந்தும். அந்தம்மா நிஜமாகவே பியானோ வாசித்தவர். ஆனால் அவர் பெயரில் கணவர் வெளியிட்ட இசைத்தட்டுகள் பலவற்றில் இருந்தது பிறர் வாசிப்பு. 2007இல் ஒருவர் ஒரு தட்டைக் கணினியில் போட, ஐடியூன்ஸ் மென்பொருள் லாஸ்லோ சிமோன் என்று வேறொரு பியானோ கலைஞர் பெயரைக் காட்டிவிட்டது. ஸாக்குக்கு ‘இல்கலைஞர்’ என்று வைப்போம். இல்லாத பொருளை உவமையாக்கும் இல்பொருள் உவமை படித்த பிள்ளைகளுக்கு விளங்கும்.

தென்காசி:
அண்ணாச்சி, ‘இல்’ வீடுமாச்சே. இல்லாள், இல்லறம், இற்பிறப்பு. வீட்டோடு இருந்து வாசிக்கிறவர் என்று பிள்ளைகள் எழுதிவைக்கும். ‘இட்டுக்கட்டிய கலைஞர்’ என்றால் டீக்கடையிலும் புரியும்.

அம்பாசமுத்திரம்:
இட்டுக்கட்டுவதை ஏமாற்றுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. கொடைவிழாவில் வில்லுப்பாட்டு பாடிய அண்ணாவிக்கு ஓரடி மறந்துபோனது. வீசுகோலை ஓங்கி அடித்தார். வில்லின் மணியோசை அடங்குவதற்குள் அதே சந்தத்தில் புது அடி வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அது வித்தை.

கோவில்பட்டி:
புனைபெயர், புனைகதை வரிசையில் ‘புனைகலைஞர்’. வினைத்தொகை, சின்னச் சொல்.

அம்பாசமுத்திரம்:
வினைத்தொகை என்பதுதான் வில்லங்கம். புனைந்த கதை சரி. கலைஞர் என்று வரும்போது ‘புனைகின்ற கலைஞர்’ என்றுதானே காதில் விழுகிறது? தன் படைப்புகளைப் பழைய மேதைகள் பெயரில் வாசித்துவந்து, 1935இல் தானே ஒப்புக்கொண்டாரே வயலின் மேதை கிரைஸ்லர், அவர்தான் புனைகலைஞர். ஸாக் புனையப்பட்டவர்.

தென்காசி:
அண்ணாச்சி சொல்வது நியாயம்தான். ஆனால் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. நானும் புனைகலைஞருக்கே வந்துவிடுகிறேன்.

பாளையங்கோட்டை:
அதையே போடுகிறேன். ஹாட்டோவுக்குப் ‘போலிப்பதிவு’. கிரைஸ்லர் பத்தியில் சொல் குழம்பும் என்பதால் அங்கே ‘பிறர் பெயரில் இயற்றினார்’ என்று விரித்து எழுதிவிட்டேன்.

அம்பாசமுத்திரம்:
போடும்மா. அடுத்த பதிப்பு வரும்போது இல்கலைஞரை மறுபடியும் கொண்டுவருவேன்.