சாம்பிள் எடுத்து 9 நாள் ஆகிவிட்டது, கொடுக்கலாமா? (அவசரம்)

வெட்டாற்றங்கரை: வணக்கம். நடவு வேலையில் திருவாரூர் போக முடியவில்லை. சாம்பிள் அப்படியே இருக்கிறது. நாளைக்கு லேபில் கொடுத்தால் ரிசல்ட் சரியாக வருமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கீழவீதி: மண்ணா, தண்ணீரா?

குறுவைத் தம்பி: மண் என்றால் பயமில்லை அண்ணே. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வைத்திருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். உரச் சாக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பழைய மணியம்: என்ன சாம்பிள், எதில் பிடித்தது, எந்தச் சோதனைக்கு? இந்த மூன்றும் இல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?

வெட்டாற்றங்கரை: மன்னிக்கணும் ஐயா. தண்ணீர்தான். வீட்டு போர், 60 அடி. கடைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பிடித்தபோது தெளிவாக இருந்தது, இப்போது அடியில் செம்மண் கரைத்த மாதிரி படிந்திருக்கிறது. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, அதற்காகத்தான்.

கீழவீதி: கடல் உப்பு ஏறிவிட்டது. எல்லாம் இறால் பண்ணையால் வந்த வினை.

சோதனைக்குழாய்: படிந்திருப்பது இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாகி இறங்கிவிடும். இப்போது மேல் தண்ணீரைச் சோதித்தால் இரும்பு குறைவாகத்தான் காட்டும். குளோரைடு, மொத்த உப்பு பார்க்க இதுவே போதும். ஆனால் பிள்ளைக்காக என்றால் பார்க்க வேண்டியது கிருமி. ஒன்பது நாளில் அது செத்தும் இருக்கலாம், பெருகியும் இருக்கலாம், அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது. இதைக் கொட்டிவிடுங்கள். லேபில் கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள். குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதமானாலும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

குறுவைத் தம்பி: ஃப்ரீசரில் வைத்தால் தாங்காதா?

சோதனைக்குழாய்: கூடாது தம்பி. உறைந்தால் கிருமியில் ஒரு பகுதி செத்துவிடும், எண்ணிக்கை தப்பாகும்.

பழைய மணியம்: கீழவீதி, 60 அடி போருக்கு இறால் பண்ணையை ஏன் இழுக்கிறீர்கள்? கக்கூஸ் குழி எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

கீழவீதி: கடலோர இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சும்மாவா?

பழைய மணியம்: தீர்ப்பு சரிதான். அதற்கும் வயிற்றுப்போக்குக்கும் என்ன சம்பந்தம்?

வெட்டாற்றங்கரை: குழி 15 அடியில்தான் இருக்கிறது. புதிதாகப் பிடித்து இன்று காலை பத்து மணிக்கே லேபில் கொடுத்துவிட்டேன். கொதித்த தண்ணீர்தான் குடிக்கிறோம்.