எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம்கள்ல (மாரோவிண்ட், ஆப்லிவியன், ஸ்கைரிம்) ட்வெமர் இடிபாட்டுல நடந்து இன்னும் உறுத்துற ஒரு சம்பவம் இருந்தா சொல்லுங்க

பழையசேவ்:

ட்வெமர் யாரு, மெஷின் கட்டின அந்த எல்ஃப் இனமே மொத்தமா எப்படிக் காணாமப் போச்சுன்னு இங்க யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

ஸ்கைரிம்ல வின்டர்ஹோல்ட் மந்திரவாதிக் காலேஜ்ல அர்னியல் கேன்னு ஒருத்தர் இருப்பாரே, எதுக்குன்னு சொல்லாமலே பத்து காக் (ட்வெமர் பல்சக்கரம்) கொண்டு வான்னு அனுப்புவாரே, அவர்தான். 2011 டிசம்பர், செமஸ்டர் லீவு. நான் அவரை ஒரு ஆளாவே மதிக்கல. காக் பொறுக்கிக் கொடுத்தேன், சோல் ஜெம்மை (ஆன்மாவை அடைக்கிற கல்) கன்வெக்டர்ங்கிற ட்வெமர் கருவியில வச்சுச் சூடேத்தினேன், கூரியர் செத்துக் கிடந்த இடத்தைத் தேடிப் பிடிச்சு கீனிங்ங்கிற ட்வெமர் கத்தியைக் கொண்டு வந்து கையில கொடுத்தேன்.

குத்தினார். ஒண்ணும் ஆகல. மறுபடி அந்த ஜெம்மைக் குத்தினார். அவருக்கே எரிச்சல் வந்துடுச்சு. அப்புறம் ஒரு குத்து, ஆள் இல்லை. அலறல் இல்லை, கீழ விழல, சாம்பல்கூட இல்லை. கத்தி மட்டும் இருக்கு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? கத்தியை எடுத்துப் பையில போட்டேன். அப்புறம் அவர் ரூம்ல இருந்த புத்தகத்தை எல்லாம் விக்கறதுக்காக அள்ளிட்டுக் கிளம்பினேன். ரெண்டு நாள் கழிச்சு மேஜிக் மெனுவைத் திறந்தா அவர் பேர்லயே ஒரு ஸ்பெல். ஒரே ஒரு தடவை போட்டேன். நிழலா வந்து நின்னார். கொள்ளைக்காரன் ஒருத்தன் அவரை அடிக்க ஆரம்பிச்சான். நான் பழைய சேவை லோட் பண்ணிட்டேன்.

மூணாவதுமாடி:

என்னோடது பிளாக்ரீச், ஸ்கைரிம்ல தரைக்குக் கீழ இருக்கிற ட்வெமர் நகரம். எல்லாரும் அந்த மஞ்சள் விளக்கை நோக்கிக் கத்துனா டிராகன் வரும்னு அதையே சொல்வாங்க. அது இல்லை.

நான் 2006லேர்ந்து ஆப்லிவியன் ஆடினவன். ஸ்கின்கிராட்ல வெஸ்ட் வீல்டு சத்திரத்துக்குக் கீழ சிண்டெரியன்னு ஒரு ரசவாதி, நிர்ன்ரூட்ங்கிற ரீங்காரம் போடுற மூலிகை மேல பைத்தியம். ஆத்தோரம், குளத்தோரம்னு அந்த ரீங்காரத்தைக் காதுல வாங்கிட்டே அலைஞ்சு, கத்தை கத்தையா பிடுங்கிக் கொடுத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் மனுஷன் முகத்துல அவ்ளோ சந்தோஷம்.

பிளாக்ரீச்ல இறங்கினதும் ஒரு சின்ன வீடு. உள்ளே ஆல்கெமி மேஜை, தரையில ஒரு எலும்புக்கூடு. எலும்புக்கூடு கிடக்கிறது இந்த கேம்ல ஒரு விஷயமே இல்லை, வழக்கம்போல சட்டைப்பையைத் துழாவப் போனேன். மேல பேர் வந்துச்சு: சிண்டெரியன். அந்தக் கதைக்கும் இந்தக் கதைக்கும் நடுவுல இருநூறு வருஷம். அங்கே சிவப்பு நிர்ன்ரூட் இருக்குன்னு தெரிஞ்சு, அதைத் தேடித் தனியா வந்திருக்கார். அந்தக் கிறுக்கை ஏத்தி விட்டதுல எனக்கும் பங்கு உண்டுதானே?

வீட்டை விட்டு வெளிய வந்தா பக்கத்துலயே ரீங்காரம் கேக்குது. முப்பது பிடுங்கணும். அன்னிக்கு ஒண்ணுகூடப் பிடுங்கல.

கணக்குப்பிள்ளை:

@பழையசேவ், அர்னியல் ட்வெமர் போன இடத்துக்கே போயிட்டார்னு நீங்க சொல்லாமச் சொல்ற மாதிரி இருக்கு. அதுக்கு கேம்ல ஆதாரம் எங்க? ட்வெமரோட தலைமைக் கைவினைஞன் காக்ரெனாக் ரெட் மவுண்டன்ல லோர்கான்ங்கிற கடவுளோட இதயத்தை மூணு கருவியை வச்சுத் தட்டினான், முதல் யுகம் 700ல. அர்னியல் கையில இருந்தது அதுல ஒரே ஒரு கருவி, கீனிங், இதயத்துக்குப் பதிலா ஒரு கோணல் சோல் ஜெம். ரெண்டும் ஒண்ணா? ட்வெமர் பெட்டி ஒண்ணைத் திறக்கத் துடிக்கிற அறிஞர் செப்டிமஸ் சிக்னஸ்கூடத்தான் கடைசியில சாம்பலாப் போறார், அதுக்காக அவரும் ட்வெமர் ஆயிட்டார்னு சொல்வீங்களா?

என் அனுபவமும் செப்டிமஸ்தான். ஆல்ட்மர், பாஸ்மர், டன்மர், ஃபால்மர், ஆர்க்னு அஞ்சு எல்ஃப் இனத்தோட ரத்தம் கேப்பார். ட்வெமர் ரத்தம் உலகத்துல எங்கேயும் இல்லை, அதனால சொந்தக்காரங்க ரத்தத்தைக் கலந்து பெட்டியை ஏமாத்தணுமாம். ஆர்க் பிணத்து மேல ஊசியோட குனிஞ்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவ்ளோதான்.

நிக்க, புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ட்வெமர் இடிபாட்டுல கண்ணுல பட்டதை எல்லாம் தூக்காதீங்க. கிண்ணம், காக், கியர், நெம்புகோல் எதுவும் உருகாது, சுமைதான். வளைஞ்ச ஸ்கிராப், சின்னத் தகடு, பெரிய தகடு, இதெல்லாம் ஒண்ணு 2 எடை, உருக்கினா 3 உலோகக் கட்டி வரும். கெட்டியான ட்வெமர் மெட்டல் 25 எடை, வர்றது 5 கட்டிதான். அதைப் போய் முதுகுல ஏத்திட்டு ஆமை மாதிரி நடக்கிறவங்களைப் பார்த்தாப் பாவமா இருக்கும். ஃபாலோயர் இருந்தா மெட்டலை அவங்க தலையில கட்டுங்க. மார்கார்த்ல உலை, பட்டறை ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு, அங்கேயே உருக்கி அங்கேயே வில் செஞ்சு வித்துடுங்க. இரும்புக் கட்டியும் கொஞ்சம் கையிருப்புல வைங்க, வில்லுக்கு வேணும். ஸ்மிதிங் (கொல்லு வேலைத் திறன்) 100 தொட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

பழையசேவ்:

உலை விவரம் யார் கேட்டா பாஸ்?

தவிர, ஆதாரம் இருக்குன்னு நான் சொல்லவே இல்லை. ஒரு ஆள் கண்ணு முன்னாடி இல்லாமப் போனார், நான் அவர் புத்தகத்தை வித்தேன். அதுதான் மேட்டர்.

வ்வார்டன்ஃபெல்காரன்:

கீனிங்கை இடுப்புல சொருகிட்டுத் திரியிற ஸ்கைரிம் தம்பிகளைப் பார்த்தா சிரிப்பு வருது. மாரோவிண்ட்ல (2002) ரேத்கார்ட் கையுறை இல்லாம அதைக் கையில எடுத்துப் பாருங்க, ஹெல்த் சரசரன்னு இறங்கி அங்கேயே பிணம்.

சரி, என் பாவத்தைச் சொல்றேன். அப்ப பிரௌசிங் சென்டர், ஒரு மணி நேரம் இருபது ரூபா, அதனால டயலாக் படிக்கிற பழக்கமே கிடையாது. டெல் ஃபிர் கோபுரத்துக்குக் கீழ, கார்ப்ரஸ் நோயாளிகளை வச்சிருக்கிற குகை. இருட்டுல ஊதிப்போன ஒரு உடம்பு, இடுப்புக்குக் கீழ சிலந்திக் கால் மாதிரி உலோகக் கால்கள். பாஸ் ஃபைட்டுன்னு நினைச்சேன். பேசவே இல்லை, அடிச்சேன்.

ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வீட்டுக் கம்ப்யூட்டர்ல மறுபடி ஆடும்போதுதான் அவர்கிட்ட பேசினேன். யாக்ரம் பாகார்ன். காக்ரெனாக்கிட்ட வேலை பார்த்தவர். சம்பவம் நடந்தப்ப வேற ஏதோ உலகத்துல இருந்திருக்கார், திரும்பி வந்து பார்த்தா தன் இனத்துல ஒருத்தர்கூட இல்லை. தேடித் தேடி அலைஞ்சு நோய் தொத்தி இங்க வந்து சேர்ந்திருக்கார். அந்த நோயாலதான் சாகாம இருக்கார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல வருது. என்ன நடந்துச்சுன்னு அவருக்கே உறுதியாத் தெரியாது.

ஒரு இனத்துல மிச்சம் இருந்த ஒரே ஆளை, நேரம் முடியப்போகுதேன்னு, கோடாலியால வெட்டினவன் நான்.

உறைபனி:

யாக்ரம் பாவம், அர்னியல் பாவம், எல்லாம் சரி. ட்வெமருக்காக யாரும் ஒப்பாரி வைக்காதீங்க. நார்டுங்கிற மனுஷ இனத்துக்குப் பயந்து அடைக்கலம் கேட்டு வந்த பனி எல்ஃபுகளுக்கு விஷக் காளானைக் கொடுத்துக் கண்ணைக் குருடாக்கி அடிமையா வச்சுக்கிட்டவங்க; அந்தக் குருட்டு எல்ஃபுகதான் ஃபால்மர். அந்த நீராவிக் குழாயும் மெஷினும் பார்க்க அழகுதான். அதுக்குள்ள இருட்டுல ஊர்ந்துட்டு இருந்தது யாரு?

நான் வில்லாளி. மந்திர வில்லுக்குச் சார்ஜ் வேணும்னா ஃபால்மர் குகைதான் எனக்கு ரேஷன் கடை. நூறு பேரையாவது சோல் ஜெம்ல அடைச்சிருப்பேன். 2012ல ஸ்கைரிமுக்கு டான்கார்ட்னு கூடுதல் கதை வந்தது. டார்க்ஃபால் குகைக்குள்ள வெள்ளைக் கவசத்துல ஒருத்தர், கெலெபோர், கண்ணைப் பார்த்து நிதானமாப் பேசுறார். அவரும் அதே பனி எல்ஃப் இனம், ஆனா குருடாகாதவர். நான் இத்தனை நாளா வேட்டையாடினவங்களுக்கு அவர் வச்சிருக்கிற பேரு, வஞ்சிக்கப்பட்டவர்கள்.

பேசி முடிச்சதும் பையைத் திறந்தேன். எல்லா ஜெம்மும் சாதாரண மிருகத்துக்கு ஆகிற ஜெம். மனுஷன், எல்ஃப் ஆன்மாவுக்குக் கருப்பு சோல் ஜெம் வேணும் இல்லையா, ஃபால்மருக்கு வேண்டாம். கண்ணு மட்டும் போகல அவங்களுக்கு. அதுக்கப்புறமும் கொல்லாம இருந்தேனான்னு கேக்காதீங்க, பிளாக்ரீச்ல வேற வழியில்ல. ஜெம்ல அடைக்கிறதை விட்டுட்டேன்.

கணக்குப்பிள்ளை:

@உறைபனி, சார்ஜுக்கு ஃபால்மரே வேணும்னு இல்லை, மாமத்தை அடிச்சா கிராண்ட் சோல் (பெரிய ஆன்மா) கிடைக்கும்.

உறைபனி:

ஐயோ சாமி.

புதுமுகம்_7:

எல்லாத்தையும் படிச்சேன். நான் இப்பதான் முதல் தடவை ஆடுறேன், ஸ்பாய்லர்னு யாரும் போடல, பரவாயில்லை. என் பையில எட்டு காக் இருக்கு. அல்ஃப்டாண்ட் இடிபாட்டுல இன்னும் ரெண்டு கிடைக்கும்போல. அர்னியல்கிட்ட கொண்டு போய்க் கொடுக்கவா வேண்டாமா?

வ்வார்டன்ஃபெல்காரன்:

கொடுங்க தம்பி. முதல்ல அவர்கிட்ட ஒரு ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கொடுங்க.