கோவை வ.உ.சி. உயிரியல் பூங்கா ஏன் நலிந்தது? அந்த இடத்தில் இனி என்ன செய்யலாம்?

கேள்வி: பீளமேட்டுக்காரன்

நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டி, நாலரை ஏக்கர் அளவில் மாநகராட்சி நடத்திவந்த வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022 ஜனவரியில் ரத்து செய்தது. கோவை வட்டாரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கூழைக்கடாவையும் முதலையையும் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான் என்பதால் இந்த முடிவு மனத்தை மிகவும் வருத்துகிறது. போதிய இடமில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. 1965 முதல் போதுமாக இருந்த இடம் பிறகு போதாமல் போனது எப்படி? நாட்டு மாடு, ஆடு, கோழி ஆகியவற்றை வைத்து அங்கே ஒரு பண்ணைப் பூங்கா அமைக்கச் சட்டம் அனுமதிக்குமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: வழக்குரைஞர், காந்திபுரம்

இடம் எப்போதுமே போதவில்லை. அதைக் கேட்பதற்குச் சட்டம் இல்லாமல் இருந்தது என்பதே உண்மை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உருவானது. அதன்பின், ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்த உயிரியல் பூங்காவும் இயங்க முடியாது என்பதை 38எச் பிரிவு உறுதியாக்கியது. கூண்டின் அளவு, கால்நடை மருத்துவ வசதி, நோயுற்ற விலங்கைத் தனிமைப்படுத்தும் இடம், நெடுங்காலத் திட்டம் என ஒவ்வொன்றுக்கும் வரையறை வந்தது. நம் பூங்காவோ சுற்றிலும் சாலையும் மைதானமும் விளையாட்டரங்கமும் சூழ்ந்த இடத்தில் இருந்ததால், ஓரடிகூட விரிவடைய வழியில்லாமல் நின்றது.

சென்னையை எண்ணிப் பாருங்கள். 1855-இல் தொடங்கி நகரின் நடுவே இருந்த பழைய உயிரியல் பூங்காவை, இந்தச் சட்டத் திருத்தத்துக்கு முன்பே, 1985-இல் வண்டலூருக்கு மாற்றிவிட்டார்கள்; இன்று அது ஏறத்தாழ 600 எக்டேர் பரப்பில் இருக்கிறது. சேலம் குரும்பப்பட்டிப் பூங்கா வனத்துறையின் கையில், காட்டை ஒட்டிய நிலத்தில் இருந்ததால் வளர முடிந்தது. குப்பை, குடிநீர், சாலை என்று ஆயிரம் கடமைகளுக்கு நடுவே விலங்குகளையும் பேண வேண்டிய ஒரு மாநகராட்சியால் அதைச் செய்ய இயலாமல் போனதற்கு எந்தத் தனி அதிகாரியையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், 1990-களிலேயே நகருக்கு வெளியே நிலம் ஒதுக்கியிருந்தால் கோவைக்கு இன்று ஒரு நல்ல உயிரியல் பூங்கா இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பதில் 2: காட்டுப்பறவை

மூடியது வருத்தம்தான்; ஆனாலும் விலங்குகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான முடிவு என்றே சொல்வேன். புள்ளிமான்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அடித்துண்ணும் விலங்கு இல்லாத அடைப்பில், தீவனமும் தவறாமல் கிடைக்கும்போது அவை விரைவாகப் பெருகிவிடும். அடைப்பு மட்டும் பெருகாது. கொம்பு முற்றிய கிடாக்கள் மோதிக்கொள்ளும்போது தோற்ற மானுக்கு ஒதுங்கிப் போக இடமே இருக்காது. நம் பூங்காவிலிருந்த மான்களை 2024-இல் வனத்துறை சிறுவாணி மலையடிவாரக் காட்டில் விட்டது. பிறந்தது முதல் வைத்த தீனியையே தின்று பழகிய மான்களைக் கதவைத் திறந்து அனுப்பிவிட முடியாது. காட்டுத் தீவனத்துக்கு முதலில் பழக்க வேண்டும், நோய் எதுவும் காட்டுக்குள் போய்விடாதபடி சோதிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சிறுத்தையையும் செந்நாயையும் அவை காட்டில்தான் புதிதாக அறிந்துகொள்ள வேண்டும்.

பதில் 3: கால்நடை மருத்துவர், தாராபுரம் சாலை

பண்ணைப் பூங்கா குறித்த கேள்விக்கு வருகிறேன். அந்தச் சட்டம் வனவிலங்குகளைப் பற்றியது; மாடு, ஆடு, நாட்டுக்கோழி போன்ற வளர்ப்பு விலங்குகளுக்கு ஆணையத்தின் அங்கீகாரம் தேவைப்படாது. ஆனால் அழகுக்காக மயிலையோ பச்சைக்கிளியையோ சேர்த்தால் மீண்டும் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள்.

கொங்கு நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூங்கா வேறில்லை என்பது என் கருத்து. காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை நகரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? குரும்பை ஆடு என்று நாம் சொல்லும் கோயம்புத்தூர்ச் செம்மறி, மேச்சேரி ஆடு, ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் ஆகியவற்றையும் காட்டலாம். கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல் விளைந்து, நடுவே வெள்வேல மரங்கள் நிற்கும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சிறிய அளவிலாவது அங்கே உருவாக்கினால், அந்த மாட்டையும் ஆட்டையும் இத்தனை காலம் வாழவைத்த நிலத்தையும் சேர்த்தே காட்டியதாகும்.

எனினும் எண்ணிக்கையில் கண்டிப்பு வேண்டும். இல்லாவிட்டால் பழைய பூங்காவின் குறையே திரும்பும். என்னைக் கேட்டால், நாலரை ஏக்கரில் நிலையான மந்தை வைக்கக் கூடாது. சில மாடுகளை மட்டும் உழவர்களிடமிருந்து சில மாதங்களுக்கு வாங்கி, பின்னர் மேய்ச்சலுக்குத் திருப்பி அனுப்பி, வேறு மாடுகளைக் கொண்டுவர வேண்டும். கோமாரித் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் முறையாக நடக்க வேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடிய கன்றுவீச்சு நோய்க்கு முன்கூட்டியே சோதித்துத்தான் மாடுகளை உள்ளே விட வேண்டும். பிள்ளைகள் கை கழுவ ஒவ்வொரு பட்டியின் வாயிலிலும் குழாய் இருக்க வேண்டும்.

பீளமேட்டுக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஐயா, மாடுகளைச் சுழற்சி முறையில் கொண்டுவந்தால் பயண அலைச்சல் அவற்றைப் பாதிக்காதா?

கால்நடை மருத்துவர், தாராபுரம் சாலை

பாதிக்கும். ஆகையால் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் மாற்ற வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் மாற்றவே கூடாது; சினை மாட்டையும், பால்குடி மறக்காத கன்று உள்ள மாட்டையும் ஏற்றக் கூடாது. அதிகாலையில் ஏற்றி, வெயில் ஏறுமுன் இறக்கி, பழகிய தீவனத்தையே முதல் பத்து நாட்களுக்குக் கொடுத்தால் அவை தேறிவிடும்.