ஈறில் ரத்தம் வந்தபோது நாங்கள் கவனிக்காமல் விட்டது

அப்பாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்து 6 வருடம் ஆகியிருந்தது. காலையில் பல் துலக்கித் துப்பினால் வாஷ்பேசினில் லேசான ரோஸ் நிறம் தெரியும். "பிரஷ்ஷை அழுத்திட்டேன்" என்பார், நாங்களும் விட்டுவிடுவோம். பிறகு ஒரு கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்தது. தனியாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வால்வு இருப்பதை அவரும் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலமானால் காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்கும், மறுநாள் திரும்ப ஏறும். வைரல் காய்ச்சல் என்றே மூன்று வாரம் ஓடிவிட்டது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கடைசியில் இதய மருத்துவர்தான் ரத்த கல்ச்சரும் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டியிருந்தது. எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உள்சவ்விலும் வால்விலும் வரும் கிருமித் தொற்று. 6 வாரம் ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

செயற்கை வால்வு உள்ளவர்களுக்குப் பல் பிடுங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. அந்த ஒரு வேளை மருந்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

—

உங்கள் அப்பாவுக்கு வால்வு, எனக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு. இரண்டு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறிய வலைக்குழாய்). அதற்குப் பிறகுதான் முதன்முறையாகப் பல் டாக்டரிடம் ஈறைக் காட்டினேன். கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, "நாலு, அஞ்சு, அஞ்சு, ஏழு" என்று டாக்டர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். மில்லிமீட்டர் கணக்கு. மூன்றுக்குள் இருந்தால் நல்ல ஈறாம். ஏழு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தும் எனக்கு ஒருநாள்கூட வலித்ததில்லை!

"இதனாலதான் அடைப்பு வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பூசி மெழுகாமல் சொன்னார். ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவது பல ஆய்வுகளில் தெரிகிறது. அமெரிக்க இதயச் சங்கமும் 2012இல் தொடர்பு இருப்பதாக ஒத்துக்கொண்டது, ஆனால் ஈறு நோய்தான் காரணம் என்பதற்கு நிரூபணம் இல்லை என்றது. ஈறு வீங்கியே இருந்தால் உடம்பு முழுக்க அழற்சி கூடும், அது ரத்தக்குழாயையும் பாதிக்கலாம். புகையும் சர்க்கரையும் இரண்டையுமே கெடுக்கும். நான் 20 வருடம் புகைத்தவன். ஈறைச் சரிசெய்துகொண்டேன், சிகரெட்டையும் விட்டேன். எது எதற்குக் காரணம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

—

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஒன்று கவனியுங்கள். பல் சுத்தம் செய்தால் ரத்தம் நிற்காது என்று பயந்து, என் மாமா ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைத் தானாகவே நான்கு நாள் நிறுத்திவிட்டார். ஸ்டென்டில் மறுபடி அடைப்பு. இதய டாக்டரைக் கேட்காமல் அதை ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

—

முதலில் எழுதியவன்தான். அப்பா இப்போது சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறார்: எந்த வால்வு, எந்த வருடம், என்னென்ன மாத்திரை. போன வாரம் பல் சுத்தம் செய்யப் போனபோது, நாற்காலியில் உட்காரும் முன்பே அதை எடுத்து நீட்டினார்.